எழுவான்கரைக் கதைகள் – 17: பகைவனைக் கண்ட கதிர்

சென்ற பகுதியில் ஹேர்மிஸ் கப்பலை மட்டக்களப்புக் கடலின் அடியில் விட்டுவிட்டு வந்தோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது 307 பேர் மாண்டார்கள். அன்று காலை திருகோணமலையில் நடந்த இன்னொரு சங்கதியை அப்போது சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும் என்று தோன்றியதே காரணம்.

திருகோணமலையில் பிரித்தானிய விமானப்படை ஒரு ராடார் நிலையத்தை நிறுவியிருந்தது. விடிந்து சற்று நேரத்தில், கடலுக்கு மேலாக வந்துகொண்டிருந்த விமானக் கூட்டத்தை அது சுமார் 90 மைல் தொலைவிலேயே கண்டுகொண்டது. குண்டு விழுவதற்கு முன்பே ஹரிகேன் விமானங்கள் மேலெழுந்துவிட்டன. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புக்கு அந்த முன்னறிவிப்புக் கிடைக்கவில்லை; அங்கே விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஓடுபாதையில் ஓட்டம் தொடங்கியது.

ஆக, கிழக்குக் கரையில் கண்ணுக்கெட்டாத தூரத்தைப் பார்க்கும் கதிர் 1942லேயே வந்துவிட்டது. வந்தது பகைவனைத் தேடி. இந்தக் கரையில் பகைவரை விட அதிகம் பேரைக் கொன்றது காற்றும் மழையும்தான். அவற்றைத் தேடி அந்தக் கதிர் எப்போது வந்தது என்று கேட்டால், பதில் சங்கடமானது. இந்தப் பகுதி அதைப் பற்றியது.

ராடார் பிறந்த கதையே இதில் ஒரு வேடிக்கை. ஆயுதமாகப் பெயரெடுத்த இந்தக் கருவியின் தந்தை என்று சொல்லப்படும் ரொபர்ட் வாட்சன்-வாட், அடிப்படையில் ஒரு வானிலைக்காரர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வானிலை அலுவலகத்தில் சேர்ந்தவர். மின்னல் வெட்டும்போது வானொலியில் எழுகிற கரகரப்பை வைத்து இடிமழை எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, விமானிகளை எச்சரிப்பது அவருடைய வேலை. அந்த அனுபவத்தோடுதான் 1935 பெப்ரவரி 26ஆம் திகதி டவென்ட்ரி என்ற ஊரில், பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பைக் கொண்டே பறக்கும் விமானத்திலிருந்து எதிரொலி வாங்கிக் காட்டினார். மழையைத் துரத்தியவர் விமானத்தைப் பிடித்தார்.

1941 பெப்ரவரியில் இங்கிலாந்தில் 10 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள புதிய ராடார் ஒன்று மழை மேகத்தையும் பார்த்துவிட்டது. போரிலிருந்தவர்களுக்கு அது தொல்லை. திரையில் விமானம் எது, மழை எது என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. மழையின் வெள்ளைத் திட்டுக்களை எப்படி அழிப்பது என்றே யோசித்தார்கள். 1944 டிசம்பர் 18ஆம் திகதி பிலிப்பைன்ஸ் கடலில் அமெரிக்கத் தளபதி ஹால்சியின் கடற்படை சூறாவளிக்குள் மாட்டிக்கொண்டது. மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. ஏறத்தாழ 790 பேர் இறந்தார்கள். கப்பல்களின் ராடார் திரையில் புயலின் சுருளும் நடுவே வெறுமையான கண்ணும் அப்படியே விழுந்திருந்தன. தொல்லை என்று ஒதுக்கியதே உயிர் காக்கும் செய்தி என்பது அதற்குப் பின்புதான் உறைத்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய ராடார்கள் வானிலைக்காரர் கைக்குப் போயின. கனடாவின் மொன்றியல் நகரிலிருந்த மார்ஷல், பாமர் என்ற இருவர் எதிரொலியின் வலிமையிலிருந்து மழையின் அளவைக் கணக்கிடும் வழியை 1948இல் வெளியிட்டார்கள். இன்று கைப்பேசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விரியும் மழைப் படத்துக்கெல்லாம் மூதாதை அந்தக் கணக்கு.

அந்தப் படத்தை வாசிக்கத் தெரிந்தால்தான் மீதிக் கதை விளங்கும்.

ராடார் ஒரு வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சிறு சிறு துடிப்பாக அலையை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். ஆயிரத்தில் ஒரு வினாடி கழித்து எதிரொலி வந்தால் மழை 150 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிறது. எதிரொலியின் பலம் துளியின் பருமனைப் பொறுத்தது. அதுவும் சாதாரணமாக அல்ல. விட்டம் இரண்டு மடங்கான ஒரு துளி 64 மடங்கு எதிரொலி தரும். எனவே பருமனான துளிகள் நிறைந்த இடிமழை திரையில் சிவந்து எரியும். தூவானம் கண்ணுக்கே படாமல் போகும். மொன்றியல்காரர்களின் கணக்குப்படி, எதிரொலியின் பலத்தைக் குறிக்கும் எண் 23 என்று வந்தால் மணிக்கு 1 மில்லிமீற்றர் மழை, 39 வந்தால் 10 மில்லிமீற்றர், 55 வந்தால் 100 மில்லிமீற்றர். அவர்கள் கணக்கிட்டது குளிர்நாட்டு மழைக்கு. நம் மாரி மழையில் நடுத்தரத் துளிகள் கோடிக்கணக்கில் நெருங்கி விழும். அந்தச் சூத்திரத்தை அப்படியே போட்டால் மழை குறைத்துக் காட்டப்படும். டொப்ளர் வகை ராடார் இன்னொன்றையும் சொல்லும்: துளிகள் ராடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, எவ்வளவு வேகத்தில் என்று. புயல் நேரத்தில் காற்றை அளக்க அது உதவும்.

பனி? எங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நம் களுதாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் நின்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் வெயில் கொளுத்தும் இந்தக் கரைக்கு மேலேயும் 5 கிலோமீற்றர் உயரத்துக்குப் போனால் உறைநிலை. மாரியில் கொட்டும் மழையில் பெரும்பங்கு மேலே பனித்துகளாகவே பிறந்து, அந்த உயரத்தில் உருகி, மழையாக நம் முற்றத்துக்கு வருகிறது. உருகத் தொடங்கும் பனித்துகள் தன்மேல் ஒரு நீர்ப்போர்வை போர்த்திக்கொள்வதால் ராடாருக்கு அது பென்னம்பெரிய மழைத்துளியாகத் தெரியும். திரையில் அந்த உயரம் மட்டும் ஒரு பிரகாசமான பட்டையாக மின்னும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேலைப்படும். ரொறன்ரோவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. நகரத்துக்கு வடக்கே கிங் சிற்றியில் நிற்கும் ராடாரின் படத்தைப் பார்த்து, பனி கொட்டப் போகிறதா, மழையாக மாறப் போகிறதா என்று தெரிந்துகொண்டு வேலைக்குப் புறப்படுகிறார்கள். பிறந்த ஊரில் அம்மா இருக்கும் இடத்தில் இப்போது மழை பெய்கிறதா என்று அறிய மட்டும் அவர்கள் தொலைபேசி எடுக்க வேண்டியிருக்கிறது.

இனி கரைக்கு வருவோம்.

1907ஆம் ஆண்டு இரண்டு விதத்தில் குறிக்கத்தக்கது. அந்த ஆண்டில்தான் கொழும்பு வானிலை அவதான நிலையம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் கிழக்குக் கரையை ஒரு கடும்புயல் தாக்கியது. மார்ச் மாதம் புயலுக்கு உரிய காலமே அல்ல. வயலில் வெட்டு முடியும் நேரம். அடுத்து 1964 டிசம்பர் 22. அந்தப் புயல் திருகோணமலைப் பக்கமாகத் தீவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன இரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது அந்த இரவில்தான். இந்தியா விழித்துக்கொண்டது. 1970இல் விசாகப்பட்டினத்திலும், அதை அடுத்த சில ஆண்டுகளில் சென்னை, பாரதீப், கல்கத்தா என்று வங்கக் கடலோரம் முழுவதும் புயல் காணும் ராடார்கள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 400 கிலோமீற்றர் பார்க்கும். அதே புயலில் அடிபட்ட நம் கரை, அந்த வரிசையில் சேரவில்லை.

சேராததன் கணக்கு 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவில் வந்தது.

அந்த இரவைப் பற்றிப் பேசாத வீடு எழுவான்கரையிலும் இல்லை, படுவான்கரையிலும் இல்லை. வயதை "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்று சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நாடு முழுவதும் 915 பேர் இறந்தார்கள். பத்து இலட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமடைந்தன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 28,000 ஏக்கர், ஒரே இரவில் சாய்ந்தது. மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒன்று போனது. நெல் களஞ்சியங்கள் 11இல் 9 அழிந்தன. தென்னைக் கணக்கு வெறும் எண் அல்ல. தென்னை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் வேண்டும். அந்தத் தலைமுறையின் வருமானத்தில் ஒரு துண்டு அப்படியே அறுந்து விழுந்தது என்பது அதன் பொருள். களுதாவளையின் மணல் நிலத்தில் வெற்றிலையும் மரக்கறியும் தலையெடுக்க ஒரு போகம் போதும். தென்னைக்கு அப்படி இல்லை. தீவைக் குறுக்காகக் கடந்த அந்தப் புயல் மறுநாள் மாலை இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைப் பக்கம் கரையேறியது.

வரும் என்பது எவருக்கும் தெரியாமல் இல்லை. புயல் கடலில் பல நாட்களாக உருவாகி வந்தது. செய்மதிப் படம் இருந்தது, கப்பல்கள் அனுப்பிய தகவல் இருந்தது, வானொலியும் இருந்தது. இல்லாதது கடைசி பன்னிரண்டு மணி நேரத்தின் விவரம். கண் எந்த ஊருக்கு மேலாக வரும், எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்று முதலில் அடிக்கும் என்பவை மேகத்தின் உச்சியை மட்டும் பார்க்கும் படத்தில் தெளிவாகத் தெரியாது. கண் கடக்கும் ஊரில் காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து இரண்டாம் காற்று பிடிக்கும். ராடார் திரையில் அந்த வெறுமையான கண் மணிக்கணக்காகத் தெரிந்துகொண்டிருக்கும். சென்னை ராடாருக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீற்றர். அதன் வட்டம் நம்மைத் தொடவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் நடந்தது குறைவு. போர் வந்தது, விமானம் தேடும் ராடார்களுக்கு மறுபடியும் தேவை வந்தது, அவை வாங்கப்பட்டன. போர் முடிந்த பிறகு தெற்கே தெனியாயப் பகுதியில் கொங்கல மலையுச்சிக்கென்று ஒரு டொப்ளர் வானிலை ராடார் அமெரிக்காவிலிருந்து வாங்கப்பட்டது. மலைக்கு ஏற்றும் வழியில் அது சேதமடைந்தது. அந்த உச்சியிலிருந்து மழைப்படம் எதுவும் வரவில்லை. 2017 ஜூனில் யப்பானுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 250 கோடி யென் நன்கொடையில் இரண்டு டொப்ளர் ராடார்கள்: ஒன்று புத்தளத்தில், மற்றது பொத்துவிலில். 75 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் ராடார் யாருடைய விமானத்தைப் பார்த்ததோ, அவர்களே மழை பார்க்கும் ராடார் தருகிறோம் என்று வந்தது வரலாற்றின் குசும்பு. வருடங்கள் இழுபட்டன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று நாடு அறிவித்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் தீவின் கிழக்குப் பாகத்துக்கு மேலாக வடக்கு நோக்கி நகர்ந்தபோது, இயங்கும் டொப்ளர் வானிலை ராடார் ஒன்றுகூட நாட்டில் இருக்கவில்லை. 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரும்பாலும் மலையகத்தில், மண்சரிவில்.

"எங்கட போனில ராடார் தெரியுதே" என்று இளம் தோட்டக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெற்றிலைக்கு உரம் போட, மிளகாய்க்கு மருந்தடிக்க, நாளைய மழை தெரிந்தாக வேண்டும். கைப்பேசியில் நிறம் நிறமாக மழை நகர்வதைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு பிரதீப் ஜோன் போன்றவர்கள் ராடார் படத்தை வீட்டுப் பேச்சாக்கிவிட்டார்கள். வடக்குக் கிழக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியலாளர் நாகமுத்து பிரதீபராஜாவின் முன்னறிவிப்பை முகநூலில் பார்க்காமல் மாரியில் படுக்கைக்குப் போகாதவர்கள் உண்டு. படத்துக்கும் முன்னறிவிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

நமக்குக் கிட்டிய டொப்ளர் ராடார் காரைக்காலில் இருக்கிறது. அதன் வழமையான 250 கிலோமீற்றர் வட்டத்துக்குள் யாழ்ப்பாணம் விழும், முல்லைத்தீவு விழும். திருகோணமலை 300 கிலோமீற்றர், வெளியே. களுதாவளை ஏறத்தாழ 430. பூமி வளைவதால் கதிர் தூரம் போகப் போக நிலத்தை விட்டு உயர்ந்துகொண்டே போகும். காரைக்காலிலிருந்து புறப்படும் மிகத் தாழ்ந்த கதிர்கூட களுதாவளைக்கு மேலே வரும்போது 10 கிலோமீற்றருக்கும் மேலே இருக்கும். மழை அதற்குக் கீழே பெய்துகொண்டிருக்கும்; கதிர் அதைத் தாண்டிப் போய்விடும். அப்படியானால் கைப்பேசியில் களுதாவளைக்கு மேல் தெரியும் அந்த நிறம்? பெரும்பாலும் அது செய்மதி பார்த்த மேக உச்சியின் குளிர்ச்சியிலிருந்து ஊகித்த மழை, அல்லது கணினி முன்கூட்டிக் கணித்த மழை. ராடார் இல்லாத இடத்தை அந்தச் செயலிகள் அவற்றைக் கொண்டு நிரப்பி, ராடார் படத்தின் நிறத்தையே பூசிவிடுகின்றன. பயனில்லாதது என்று சொல்லவில்லை. ஆனால் சிவப்பைக் கண்டு ஏமாறவும் பச்சையைக் கண்டு அசட்டையாக இருக்கவும் கூடாது.

உண்மையான மழை ராடார் ஒன்று களுதாவளையை இடைக்கிடை பார்க்கிறது; அது விண்ணில் இருக்கிறது. 1997இல் யப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய செய்மதியில் முதன்முதலாக மழை ராடார் விண்ணுக்குப் போனது. அதன் வாரிசு 2014 பெப்ரவரியில் போனது. அது சுற்றுவது நிலத்திலிருந்து 400 கிலோமீற்றர் அளவு உயரத்தில். காரைக்காலுக்கும் நமக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய அதே. ஆனால் நேர் கீழே பார்ப்பதால் அதற்குப் பூமியின் வளைவு தடையில்லை. மேகத்தை உச்சியிலிருந்து அடிவரை அறுத்துப் பார்த்துவிடும். குறை என்னவென்றால் அது விருந்தாளி. வந்து ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அடுத்து வரும்வரை அடைமழை காத்திருக்காது.

புத்தளத்தில் ராடார் வந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. புத்தளத்திலிருந்து களுதாவளை நேர்கோட்டில் 220 கிலோமீற்றர். வட்டத்துக்குள் வரும்தான். அந்தத் தூரத்தில் கதிரின் உயரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 5 கிலோமீற்றரை நெருங்குகிறது. சற்றுமுன் நினைவில் வைக்கச் சொன்ன பனி உருகும் உயரம் அதுவேதான். அதாவது புத்தளத்து ராடார் நமக்கு மேலே பார்க்கப் போவது பாதி உருகிய பனியை. சாதாரண மழையும் அங்கே பெருமழையாக மின்னக்கூடும். பொத்துவில் நமக்குத் தெற்கே 75 கிலோமீற்றர். அங்கிருந்து வரும் கதிர் களுதாவளைக்கு மேலே 1 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். முற்றத்தில் விழப்போகும் மழையையே அது பார்க்கும். கிழக்கே கடலில் மழைப் பட்டைகள் கரையை நோக்கி வருவதையும் பார்க்கும். 2017இல் அந்த இரண்டு இடங்களையும் சேர்த்தே தெரிந்தெடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருக்க மாட்டார்கள். எனவே ஒன்று வந்தால் மற்றதைப் பிற்போடலாம் என்ற பேச்சு எழுந்தால், கிழக்கு அதற்குத் தலையாட்டக் கூடாது என்பது என் கட்சி.

இதில் புயலை விட அடிக்கடி வருவது வெள்ளம். 2011 ஜனவரியில் கிழக்கே பத்து இலட்சம் பேரைப் பாதித்த வெள்ளத்துக்குப் புயல் எதுவும் காரணமில்லை. விடாமல் பெய்த வடகீழ்ப் பருவமழை போதுமாயிருந்தது. மேற்கே மலையடிவாரத்தில் பெய்கிற மழை நவகிரியிலும் உன்னிச்சையிலும் உறுகாமத்திலும் நிரம்பி, வான் பாய்ந்து, படுவான்கரை வட்டைகளை மூடிக்கொண்டு வாவிக்கு வர நேரமெடுக்கும். வெல்லாவெளி வீதியில் தண்ணீர் ஏறியது தெரிந்த பிறகுதான் நமக்கு விளங்குகிறது. வாவி நிறைந்தால் கல்லாற்று முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும். முந்தி வெட்டினால் வாவித் தண்ணீர் அநியாயமாக இறங்கிவிடும். இறால் பிடிப்பவனுக்கும் வயல்காரனுக்கும் தகராறு. பிந்தி வெட்டினால் வேளாண்மை அழுகும். மேற்கே எவ்வளவு பெய்தது, இன்னும் எவ்வளவு வருகிறது என்று மூன்று மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் அந்த முடிவின் நிறமே மாறும். குளத்துக் கதவு திறப்பவருக்கும் அப்படித்தான்.

ராடார் இல்லாத காலத்தில் அந்த முடிவை யார், எதைப் பார்த்து எடுத்தார்கள்? வட்டவிதானைமாரின் கையிலிருந்த முகத்துவாரம் கச்சேரியின் கைக்குப் போன கதையை அடுத்த பகுதியில் எடுப்போம்.